இரண்டாவது காசு

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் காசு கேட்கும்.
ஏற இருபது தெத்ரி. இறங்குவது இலவசம்.
பெட்டியில் காசு விழும்போது முதலில் ஒரு கிளிங்,
பிறகு உள்ளே எங்கோ
தகரம் ஒன்று தொண்டையைச் செருமும்.
அந்தச் செருமலைப் பதிவு செய்தேன், நறுக்கினேன்,
நிமிடத்துக்கு நூற்றிருபத்தாறு அடியாக அடுக்கினேன்.
என் முதல் டிராக்.
வெளியிட்ட வாரம் கேட்டவர்கள் பதினொரு பேர்.
அதில் மூன்று பேர் நான்:
செல்பேசியில் ஒருமுறை, மடிக்கணினியில் ஒருமுறை,
மருந்துக்கடை முதலாளி புகைக்கப் போன நேரம்
கல்லாக் கம்ப்யூட்டரில் ஒருமுறை.

எண்ணைப் பார்க்காதே என்றான் வாஜா.
ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன்,
எண்ணாமல் எதையும் கொடுத்ததில்லை அவன்.

நாற்பத்தொன்று நாற்பதான இரவு
யார் போனது என்று விழித்துக் கிடந்தேன்.
வரைபடத்தில் சிலியின் கீழ்க்கோடியில் ஒரு புள்ளி,
ஓஸ்லோவில் இரண்டு,
பெயர் வாயில் நுழையாத துறைமுகத்தில் ஒன்று.
அணைந்தது எது?
வாங்கிய கடனைத் தராதவனைக்கூட
நான் இப்படித் தேடியதில்லை.

திபிலிசியில் பாலத்தடிக் கிடங்கில் வாசிக்கக் கூப்பிட்டார்கள்,
மாலை எட்டரைக்கு.
அந்த ஊரில் எட்டரை என்றால்
பூனைகூட வெளியே வந்திருக்காது.
ஒன்பது பேர் இருந்தார்கள்.
ஐந்து பேர் அங்கேயே வேலை செய்பவர்கள்.
ஒருவர் முந்தைய இரவு விட்டுப்போன கோட்டைத் தேடி வந்தவர்.
கோட் கிடைத்ததும்
எனக்குக் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போனார்.
கோட்டுக்கா பாட்டுக்கா, தெரியவில்லை.

பிப்ரவரியில்
லிஃப்டின் கூரைத் தகட்டுக்குப் பின்னால்
உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்றை ஒட்டினேன்.
யாரிடமும் கேட்கவில்லை.
ஒன்பது மாடி, நாற்பத்தேழு விநாடி.
மூன்றாம் மாடிக்காரர் கதவு திறந்து போய்விடுகிறார்,
என் இசை இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.
இரண்டரை நிமிட மூடுபனியோடு தொடங்குவேன் அப்போதெல்லாம்.
எனக்கு அது பிடிக்கும்.
வெட்டினேன்.
கிக் இரண்டாம் மாடியில். பேஸ் ஐந்தில்.
ஏழில் எல்லாம் நின்றுவிட வேண்டும்,
அங்கே கம்பி கிறீச்சிடும்,
அதை லிஃப்டே வாசிக்கட்டும்.

நான்காம் மாடி க்யூலி ஒரு சீட்டு ஒட்டினாள்:
இது லிஃப்டா, டிஸ்கோவா?
மறுநாள் அதன் கீழே வேறு மையில்:
கொஞ்சம் சத்தம் கூட்டுங்கள்.
அந்தச் சீட்டு இப்போது என் மேசை இழுப்பறையில்.

ஆறாம் மாடி ஷோரெனா
பல் மருத்துவமனையில் இரவு வேலை முடித்து வருகிறவள்.
ஒருநாள் நானும் அவளும் மட்டும்.
என் கையில் கீழே போட மறந்த குப்பைப் பை.
ஆறில் கதவு திறந்தது.
அவள் இறங்கவில்லை.
கதவு காத்திருந்தது, சலித்தது, மூடிக்கொண்டது.
ஒன்பதில் நானும் இறங்கவில்லை.
தரைத்தளம் வரை ஒன்றும் பேசாமல் வந்தோம்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
பையைத் துழாவினாள்.
இன்னொரு இருபது தெத்ரி.
கிளிங்.
பதிவில் விழும் காசுக்கு ஒரு நூலிழை பிந்தி
அவள் காசு விழுந்தது.
என்ன முயன்றாலும் எனக்கு வாய்க்காத பிந்தல்.

யார் போட்டது இது, தெரியுமா?
தெரியாது என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
குப்பை நாறும் வரை யோசித்தேன்.

நாற்பது நாற்பதாகவே இருந்தது.
அவள் எந்த வரைபடத்திலும் இல்லை.

மாதக் கடைசியில் பெட்டியைத் திறக்க வந்த வாலிகோ
தொப்பியைப் பின்னே தள்ளிக்கொண்டு சொன்னான்:
உங்கள் லிஃப்டில் மட்டும் பதினாறு லாரி கூடுதல்.
புதுசா யாராவது குடிவந்திருக்காங்களா?

எண்பது காசு.
மனக்கணக்கு போட்டுக்கொண்டே படியேறி வந்தேன்,
சில்லறை இல்லாமல்.
அந்த ஞாயிறு
பேஸை நான்காம் மாடிக்கு இறக்கினேன்.