வருகையின் நோக்கம்

மண்டபத்தில், சுற்றுலா விடுதியின் சாப்பாட்டு அறையில்
மேசைகளை ஒட்டிப் போட்டு
வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள்.
துணியையும் மீறித் தெரிந்தது ஒரு சாம்பார்க் கறை,
இரண்டு குட்டிக் கொடிகளுக்கும் சரியாக நடுவில்.

நான் தட்டச்சு. மூன்று நாள், தினக்கூலி.
ஒப்பந்தத்தின் தமிழ்ப் படிக்கு ஆள் கேட்டபோது
கீழக்கரை நூருல் பர்வீன் வேகமாக அடிப்பாள், பிழை குறைவு என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
வேகம் உண்மை.

முதல் நாள் முழுக்க ஒரு சொல்லில் போயிற்று.
நாங்கள் சுற்றுலாப் பயணி என்றோம்.
அவர்கள் உல்லாசப் பயணி என்றார்கள்.
எங்கள் துணைச்செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்:
"உல்லாசம்னு போட்டா இங்க வேற மாதிரி படிப்பாங்க."
மன்னாரிலிருந்து வந்திருந்த லெம்பேட் மெதுவாகக் கேட்டார்,
"ஏன், சுத்தித் திரியிறவருக்குச் சந்தோசம் இருக்கக் கூடாதோ?"
சாயங்காலம் வெறும் பயணி என்று முடிந்தது.
சுற்றுலாவையும் உல்லாசத்தையும் நான்தான் அழித்தேன்,
எழுத்து எழுத்தாக, பின்னாலிருந்து.

பிறகு காற்று.
கச்சான் அடிக்கும் மாதங்களில் கப்பல் ஓடாது என்று
ஆறாம் பிரிவில் சேர்க்கச் சொன்னார் துறைமுகக்காரர்.
லெம்பேட் சிரித்தார்.
"எங்கட பக்கம் கச்சான் எண்டால் காத்தும்தான், கடலையும்தான்.
வறுத்த கடலை.
மடுத் திருவிழாவில கச்சான் வாங்காமல்
ஒருத்தரும் வீட்டை போறேல்லை."
தென்மேற்குப் பருவக்காற்று என்று அடித்தேன்.
கொறிக்க முடியாத சொல்.

இணைப்பு இரண்டு, பயணிகள் படிவம்.
வருகையின் நோக்கம்:
வழிபாடு, வணிகம், உறவினர், மருத்துவம், இடங்களைப் பார்வையிடல்.
ஒன்றை மட்டும் குறிக்கவும்.

வேன் ஓட்டி வந்த தங்கச்சிமடம் அமல்ராயன்
டீ இடைவேளையில் அதை எடுத்துப் படித்தான்,
நின்றுகொண்டே, விரல் வைத்து.
வேன் போன வருஷத்திலிருந்துதான்.
அதற்கு முன்னால் சொந்தப் படகு.
அது இப்போது அங்கே.
"அக்கா, கப்பல் விட்டா நான் போவேன்.
படகைப் பாக்க.
எதுல டிக் போடணும்?"

உறவினர் என்றேன், விளையாட்டாக.
அவன் சிரிக்கவில்லை.
விரலை அந்தக் கட்டத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்,
பிறகு மேலே ஏற்றினான், வழிபாடு வரைக்கும்.

கோப்பையோடு பக்கத்தில் நின்ற லெம்பேட்
கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டார்.
"வள்ளத்துக்கு என்ன பேர்?"
"சகாய மாதா. நீலம், வெள்ளைக் கோடு."
"கண்டிருக்கிறன். இடப் பக்கம் சரிஞ்சு கிடக்கு.
பேர் இன்னும் வாசிக்கலாம்.
மத்தியானத்தில கழுதையள் வந்து
அதின்ர நிழல்ல படுக்கும்."
சொல்லிவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார்,
தேத்தண்ணியில் ஏதோ விழுந்துவிட்டதைப் போல.

அமல்ராயன் கேட்டது ஒன்றே ஒன்று.
"எஞ்சின்?"
அதற்குள் உள்ளே மணி அடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கையெழுத்து.
இரண்டு பேனா, ஒரு குத்துவிளக்கு,
காற்றுக்கு அணைந்து அணைந்து நான்கு தீக்குச்சி.
பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி, அவர்களுக்கு.
பச்சை உறையிட்ட தேயிலை, எங்களுக்கு.
நடைமுறைக்கு வரும் நாள் என்ற இடத்தில்
கோடு மட்டும் போடச் சொன்னார்கள்.
நீளமாகவே போட்டேன்.

இரவு என்னைக் கீழக்கரையில் இறக்கிவிட வந்த வேனில்
கண்ணாடிக்குக் கீழே அந்தப் படிவம் மடிந்து கிடந்தது.
ஐந்தாவது கட்டத்தில் டிக்.
இடங்களை என்பதைப் பேனாவால் அடித்திருந்தான்.
பார்வையிடல் மட்டும் இருந்தது.
அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்,
அச்சிட்டதில் கை வைக்கக் கூடாது.

தங்கும் நாட்கள்: முதலில் ஒன்று என்று எழுதி,
அதையும் அடித்து,
இரண்டு.