பதினேழு பிரதிகள்

இந்த ஊரில் டோக்கியோ என்றால் சீமெந்து.
சீனக்குடாப் பக்கம் லொறிகள் திரும்பும் இடத்தில்
எடைமேடைக்கு அருகே ஒரு கண்ணாடிக் கூடு.
உள்ளே இருந்து நான் துண்டு எழுதுகிறேன்:
மூட்டை, லொறி இலக்கம், போகும் ஊர்.
பகல் அவ்வளவுதான்.

இரவு, மட்டிக்களியில்,
மூன்று விசை எழும்பாத மடிகணினியில்
ஒரு பழைய விளையாட்டின் நாலாம் கட்டத்து இசையைக்
குடல் குடலாகப் பிரித்து வைத்திருப்பேன்.
யாரோ ஒற்றை ஆளாய்ச் செய்த விளையாட்டு.
அந்த மெட்டை நீகாட்டாவில் மூன்று பேர் வயலினுக்கு மாற்றினார்கள்.
அதை மினாசே என்பவள், பகலில் பல்வைத்தியரிடம் வேலை,
பியானோவுக்கு இறக்கினாள்.
அவளுடையதை நான் எடுத்தேன்,
லொறி ஏறும்போது எடைமேடை இரும்பு போடும் சத்தத்தைத்
தாளமாக வைத்து.
கேட்டுத்தான் எடுத்தேன்.
பெயர்களை மட்டும் விடாமல் போடு என்றாள்.

வெறும் இறுவட்டு அந்த வருசம் ஊரில் இல்லை.
மூன்றாம் குறுக்குத் தெருவில் கலியாண வீடியோ எடுத்த ஜெயசீலன்
கடையைப் பூட்டும்போது அள்ளித் தந்தது இருபத்திரண்டு.
ஐந்து பழுது.
உறைக்கு, அச்சகத்தில் மிஞ்சிக் கிடந்த
அழைப்பிதழ் அட்டை.
உள்பக்கம் வெள்ளிப் பிள்ளையார் ஏற்கெனவே விழுந்துவிட்டார்.
மேலே கறுப்பு ஓட்டவா என்றான் அச்சடிக்கிற பெடியன்.
வேண்டாம், இருக்கட்டும்.

தபால் கந்தோரில் கேட்டார்கள்:
உள்ளுக்கு என்ன?
பாட்டு.
ஆர் படிச்சது?
ஒருத்தரும் படிக்கேல்லை.
அப்ப அது என்ன பாட்டு?
பின்னால் வரிசை நீண்டது.
பெறுமதி என்ற கட்டத்தில் ஆயிரத்து எழுநூறு என்று எழுதினேன்.
அனுப்புகூலி அதைப்போல நாலு மடங்கு.

தன் மேசை ஓரத்தில் மினாசே
ஒரு கைலேஞ்சி அகலம் இடம் தந்தாள்.
படம் அனுப்பினாள்:
மண்டபம் முழுக்க மடக்கு மேசைகள்,
செய்தவர்களே விற்கிறார்கள்,
விற்ற காசோடு எழும்பிப்போய்ப்
பக்கத்து மேசையில் வாங்குகிறார்கள்.
கடைசியில் லாபம் ஆருக்கு என்று
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பதினேழில் விற்றது ஆறு.

ஆறில் ஒருவர் எழுதினார்:
மூன்றாவது பாட்டின் முடிவில்
மெல்ல மெல்ல விழுகிறதே,
அது என்ன வாத்தியம்?

மூன்று நாள் பதில் எழுதவில்லை. வெட்கம்.
அது கரண்ட் போனது.
மடிகணினி மின்கலத்தில் ஓட, மைக் திறந்தபடி இருக்க,
தலைக்கு மேல் செட்டை செட்டையாகத் தளர்ந்து நின்றது காற்று.
திரும்ப எடுத்திருக்கலாம்.
விடிய ஆறுக்கு வேலை,
இரண்டு மணிக்கு முதல் கரண்ட் வராது.
அப்படியே விட்டேன்.

நாலாம் நாள் எழுதினேன்: மின்விசிறி.
சும்மா இருக்காமல் இதையும் சேர்த்தேன்:
எங்கள் மொழியில்
காற்றுத் தருவதும் விசிறி,
ஒரு பாட்டின் பின்னால் பைத்தியமாய்த் திரிகிறவரும் விசிறி.
மொழிபெயர்க்கிற கருவி அவருக்கு
அதை என்னவாக்கிக் கொடுத்ததோ.

எட்டு மாதம் கழித்து ஒரு பொதி.
சுங்கத்தில் பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள்.
நாற்பது பிரதியில் ஒன்பதாவது,
இலக்கம் பென்சிலால்.
ஐந்தாவது பாட்டில் என் விசிறி,
தலைகீழாக ஓடவிட்டிருந்தார்:
அசையாமல் கிடந்தது முனகி,
ஒரு செட்டை, இன்னொன்று,
பிறகு அறை முழுக்கக் காற்று.
அடுத்த வீட்டில் ஆரோ
‘வந்திட்டுது’ என்று கத்தப்போகிறார்கள் என்று
காத்திருந்தேன்.

உறையின் பின்னால் பெயர்கள்.
விளையாட்டுச் செய்தவர், வயலின் மூவர், மினாசே,
விசிறி: திருகோணமலை.

உள்ளே ஒரு துண்டு, கருவியின் தமிழில்:
வெள்ளி யானை மிகவும் அழகு.
அவரும் உங்கள் வட்டத்தில் உறுப்பினரா?

எடைமேடைத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி
நாளைக்குப் போடப்போகிறேன்:

ஓம்.