ஒற்றைப் பெட்டி

தாப்பா சந்திப்பில் இன்றிரவு மைனஸ் பதினெட்டு.
சரக்குப் பெட்டிகள் உறைந்த கொக்கிகளோடு நிற்கின்றன.
எதற்கு முன்னால் எது, எதற்குப் பின்னால் எது என்று
தார்த்துவில், என் திரையில், ஒரு நிரல் கணக்கு வைத்திருக்கிறது.
முன்னதற்கு ஒரு சுட்டி, பின்னதற்கு ஒரு சுட்டி.
கடைசியின் கை முதலாவதைப் பிடித்தால் வளையம்.

பதினொரு வருஷமாக ஓடுகிறது, என்றார் ஊர்மாஸ்,
எழுதியவர்.
ஒரு பெட்டிகூடத் தொலைந்ததில்லை.
பிறகு, கடன்காரனிடம் பேசும் குரலில்:
நிரூபி.

ஓட்டிப் பார்த்தால் வந்த ரயில்கள்தான் தெரியும்.
வராத ரயில்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்வது என் வேலை.
ஆகவே "எந்த வளையமானாலும்" என்று தொடங்கினேன்.
இந்தப் பெட்டி, ஓர் உடுக்குறி, மிச்சப் பெட்டிகள்.
இதைத் தொட்டால் அது அசையாது
என்பதற்கு அந்தக் குட்டி நட்சத்திரமே சாட்சி.

கழற்றும் பகுதி நான்கே வரி.
இடப்பக்கத்தவன் கையை வலப்பக்கத்தவனிடம் கொடு,
வலப்பக்கத்தவன் கையை இடப்பக்கத்தவனிடம் கொடு.
நடுவில் நின்றவனை விடு.
அவன் இடத்தை நினைவகத்துக்குத் திருப்பு.

மூன்று நாளும் கருவி சொன்னது: முடியவில்லை.
பொய் என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.

நான்காம் நாள், எமயோகி ஆற்றுப் பாலத்தில்
பஸ் பனிக்குள் சிக்கி நின்றபோது
இடப்பக்கத்தவனும் வலப்பக்கத்தவனும்
இரண்டு பேர் என்று யார் சொன்னது?

ஒரே பெட்டி மிஞ்சிய வளையம்.
தன் இடக்கையால் தன் வலக்கையைப் பிடித்தபடி நிற்கிறது.
அது என்றாலும் அதுதான், இது என்றாலும் அதுதான்.
கழற்றினால் தன்னைத் தன்னிடமே ஒப்படைத்துவிட்டுப்
போய்விடுகிறது.
வளையத்தின் தலை மட்டும்
ஆளில்லாத இடத்தை நோக்கி இன்னும் விரல் நீட்டுகிறது.

ஊர்மாஸ் நெடுநேரம் பார்த்தார்.
கடைசிப் பெட்டியை யார் கழற்றப்போகிறார்கள்?
எப்போதும் இரண்டாவது இருக்கும்.

எங்கே எழுதியிருக்கிறது?

எங்கும் இல்லை. அவர் தலையில் இருந்தது.
மே மாதம் அவருக்கு ஓய்வு.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.
அடுத்தது தானே எனில், தலையை வெறுமையாக்கு.
இரண்டு விரலால், கோபத்தோடு, அடித்தார்.
கருவி அரை நொடி யோசித்தது.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
சரி என்றால் அது எதுவும் சொல்லாது.

மேசையில் காபி ஆறிக் கிடந்தது.
அவருடையது என்று நானும்
என்னுடையது என்று அவரும்
அதுவரை தொடாமல் வைத்திருந்த கோப்பை.