சலவை அறைச் சாவி

இந்தக் கட்டடத்தில் பதினொரு வீடுகள்.
ஒரேயொரு சலவை இயந்திரம்.
நிலவறைச் சுவரில் தொங்கும் அட்டவணையில்
மாதத்துக்கு இரண்டு செவ்வாய்
எங்கள் பெயருக்கு. அதுவும் பாதிப் பெயர்தான்;
மீதி எழுத்துகளுக்குக் கட்டம் போதவில்லை.

காலை ஏழு மணிக்குச் சாவி கைமாறும்.
ஏழு மூன்றுக்கு நான் இறங்கினால்
மூன்றாம் மாடி எபிஷர் அம்மா
எதுவும் சொல்லமாட்டார்.
கைக்கடிகாரத்தின் மேல்
சட்டைக் கையை மெல்ல இழுத்துவிடுவார்,
அது பார்த்ததைப் பார்க்காததுபோல.

லாங்கன்தாலுக்கு வந்து ஒன்பது வருடம்.
ரயில் என்னை அதிகம் ஏமாற்றியதில்லை.
ஏமாற்றியதெல்லாம் நான்தான்.
நாளைக்குப் படிக்கிறேன்.
பிள்ளைக்குச் சளி விட்டதும் படிக்கிறேன்.
நத்தார் முடியட்டும்.
இவர்கள் மொழியிலும் வினைச்சொல்
பல நேரம் கடைசியில்தான் வரும் என்று தெரிந்தபோது
எனக்குப் பெரிய சந்தோஷம்:
எவ்வளவு தள்ளிப்போட்டாலும்
வாக்கியம் பிழையாகாது.

ஒருமுறை முழு நாளையும் கோடு போட்டு
சமையலறைக் கதவில் ஒட்டினேன்.
ஐந்து மணி எழும்புதல். ஐந்தேகால் நடை.
ஐந்து நாற்பது இலக்கணம்.
மூன்று நிறப் பேனா, அடிமட்டம் வேறு.
வியாழன்வரை தாங்கியது.
வெள்ளிக்கிழமை அதன் முதுகில்
அகரன் ஒரு டைனோசர் வரைந்தான்,
நான்கு காலும் ஒரே பக்கத்தில்.

அதன்பின் ஒரு செவ்வாய்.
அறுபது பாகையில் துவாய்கள்.
இயந்திரத்தின் சின்னக் கண்ணாடியில்
நாற்பத்தேழு என்று வந்தது.
மேலே ஏறினால் பாத்திரம் கூப்பிடும்,
தொலைபேசி கூப்பிடும்.
கீழே சிக்னல் இல்லை.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.
முதியோர் இல்லத்துச் சீருடைப் பையில்
மூன்று மாதம் மடிந்து கிடந்த தாள்:
பிரியும் வினைகள், பத்து.
தலை கழன்று, வால் இருக்கவேண்டிய இடத்தில்
போய் நிற்கும் சொற்கள்.
என்னைப் போல என்று நினைத்தேன்,
கை இல்லத்துக் குசினியில் கரட் சீவ
தலை பள்ளிக்கூட வாசலில் நிற்கும்.
தண்ணீர் வடிந்து முடிந்தபோது
ஏழு வினைகள் என்னிடம் இருந்தன.

பதினைந்து நாளைக்கு ஏழு என்றால்
ஓய்வூதிய வயதில்தான் பரீட்சைக்குப் போகலாம்.
அதனால் வாளியை மேலே கொண்டுவந்தேன்.
வாளியைத்தான். கதிரை சரிவராது,
கதிரையில் உட்கார்ந்தால் உடம்பு தேத்தண்ணி கேட்கும்.
அரிசி களைந்து குக்கர் பொத்தானை அழுத்தியதும்
வாளி, தாள்.
பொத்தான் டக்கென்று மேலே எழும்வரை மட்டும்.
சில நாள் இரண்டு சொல்.
சில நாள் தூங்கிவிட்டேன், நெற்றி அலுமாரியில்.
மார்கழியில் பதினொரு நாள்
வாளியில் உருளைக்கிழங்கு கிடந்தது.
பன்னிரண்டாம் நாள் சோறு வைத்தேன்,
கால் தானாக வாளியைத் தேடியது.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது?
கால் வாளியைத் தேடியது.

இந்த மாதம் பழைய இயந்திரத்தைத் தூக்கிவிட்டார்கள்.
புதியதை எபிஷர் அம்மாதான் விளக்கினார்,
தன் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.
விரைவுச் சலவை, இருபத்தெட்டே நிமிடம்.
அவர் மொழியில் நீளமாய் ஒரு வாக்கியம் சொன்னேன்.
வினையைக் கடைசியில் வைத்தேன்.
இம்முறை அது வந்து சேர்ந்தது.
அவர் புருவம் ஒன்று உயர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் காலடி மூன்றாம் மாடியில் ஓயும்வரை நின்று
மற்றப் பொத்தானை அழுத்தினேன்,
மின்சாரம் மிச்சம் பிடிக்கும் நீண்ட சலவை:
இரண்டு மணி பத்து நிமிடம்.

வாளி மேலே இருக்கிறது.
போய் எடுத்துவர வேண்டும்.