பம்பர்க்காரி

கைக்கு நாலு பேர், கோடிங்குக்கு ஆறு பேர்,
பம்பருக்கு நான்.
எஞ்சிய வேலை எஞ்சிய ஆளுக்கு.

ஜனவரியில், வின்ட்சரில்,
நீச்சல்குள நுரைக்குழல் தேடியிருக்கிறீர்களா?
டாலர் கடைக்காரர் வெளியே பனியை ஒருமுறை பார்த்தார்,
என்னை ஒருமுறை.
கோடையில் விலைபோகாத பதினொன்றை
உள்ளேயிருந்து கொண்டுவந்தார். எல்லாம் இளஞ்சிவப்பு.
துணிக்குள் போனால் நிறம் யாருக்குத் தெரியும்.

ஒட்டுப்பலகை, அதன்மேல் நுரை,
அதன்மேல் இழுத்து அறைந்த கெட்டித் துணி.
சட்டகம் சதுரம் என்றது வரைபடம்.
நாலு மில்லிமீட்டர் பொய் என்றது அளவுநாடா.
பலகையைச் சீவினேன்.
வரைபடத்தை யாரும் திருத்தவில்லை.

கழற்று என்றால் கழல வேண்டும்,
இடித்தால் கழலக் கூடாது:
இரண்டையும் ஒரே போல்ட்டிடம் சொல்லியாக வேண்டும்.

முதலில் பத்து போல்ட். பதினாறு நிமிடம்.
நேரம் பார்த்த யுஸ்ரா கொட்டாவி விட்டாள்.
பிறகு காந்தம். சுவரில் மோதியதும்
பம்பர் அங்கேயே நின்றது;
ரோபோ மட்டும் திரும்பி ஓடியது,
குளிக்கப் பயந்த பிள்ளை மாதிரி, வெறும் உடம்போடு.
கடைசியில் சரிவான கொக்கிகள்.
மேலிருந்து இறக்கினால் தன் பாரத்தில் தானே அமரும்;
இரண்டு ஊசித்தாழ் பூட்டும்.
ஐம்பத்திரண்டு விநாடி.

எடை பார்க்கையில் பம்பரைக் கழற்றச் சொன்னார்கள்.
அது கணக்கில் வராதாம்.

சனிக்கிழமை. நாலாம் ஆட்டம் சிவப்பு,
ஐந்தாவது நீலம். இடையில் ஏழு நிமிடம்.
நாங்கள் மாற்றி முடித்து நிற்க,
அடுத்து மோதப்போகும் சார்னியா அணியின் கொட்டிலில்
ஒரு போல்ட் வளைந்து சிக்கிவிட்டது.
டெஸ்மண்ட் என்று சட்டையில் எழுதியிருந்த பையன்
முழங்காலில் நின்று அதோடு மல்லுக்கட்டினான்.
இடுக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.
'எங்கே போகிறாய்?' என்றாள் யுஸ்ரா. கேட்காத மாதிரி நடந்தேன்.
அவன் நெம்ப, நான் திருக,
நீலம் கழன்றது. சிவப்பை ஏற்றி
கடைசிச் சுற்றை நானே முறுக்கினேன்.

நான் முறுக்கிய அந்தப் பம்பரோடுதான்
முழு வேகத்தில் வந்து எங்களை இடித்தார்கள்.
அரங்கமே 'ஓ' என்றது.
இரண்டும் கழலவில்லை.

ஒன்பது புள்ளியில் தோற்றோம்.
இடது மூலையில் துணி கிழிந்து
இளஞ்சிவப்பு வெளியே எட்டிப் பார்க்கிறது.
யாரிடமாவது நீல டேப் இருக்கிறதா?