அண்டைக் கல்

ஞாயிறு ஐந்தரை மணி, அஸ்தம்பட்டி ரவுண்டானா.
ஒன்பது வண்டிகள்
ஒவ்வொன்றாய் இருமிக்கொண்டு வந்து நிற்கின்றன.
பத்தாவது என்னுடையது. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
ஐம்பது வயது ஆகாத வண்டிக்குச் சங்கத்தில் இடம் கிடையாது;
என் ஆம்னிக்குப் பதினெட்டு.
திங்கள் முதல் வெள்ளி வரை அதற்குள் பதினொரு பிள்ளைகள்.
இன்றைக்குத் தண்ணீர் கேன் ஆறு, கயிறு, ஜாக்கி,
தட்டுவடை செட்டு அடுக்கிய தூக்கு மூன்று,
சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு கருங்கல்.
பெட்ரோல் போக எனக்கு எண்ணூறு.

வண்டிகளை எனக்குப் பின்னாலிருந்துதான் தெரியும்.
துவாரகநாதனின் பியட் வலப்பக்கம் சாய்ந்து போகும், அவரைப் போலவே.
ஜவ்வரிசி மில் பழனியாண்டியின் அம்பாசடர் எண்ணெய் சொட்டும்;
அடிவாரத்திலிருந்து ஏரி வரை
அதன் கையெழுத்தைப் படித்துக்கொண்டே ஏறலாம்.
பல் டாக்டர் சத்தியகீர்த்தியின் மோரிஸ் மைனரில்
ஒரு முகப்பு விளக்குக்கு மட்டும் வளையம் இல்லை.
அந்த வளையம்
லத்தீஃப் பாயின் மோரிஸில் இருக்கிறது.

கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையொன்றில்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தார்களாம்.
'விடுங்க.'
'நீங்க விடுங்க.'
டாக்டர்தான் விட்டார்.
கூடவே பேச்சையும்.
இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் ஏழு கூட்டம், நான்கு கல்யாணம்,
பொங்கலுக்கு ஒரு அணிவகுப்பு,
கணக்கில் முந்நூற்றைம்பது ரூபாய் உதைத்த விவகாரம்,
எல்லாவற்றுக்கும் வந்தார்கள்,
ஒரே மேசையின் இரண்டு முனைக்கு.
சாம்பார் வாளி கூட மூன்றாம் ஆள் கை மாறித்தான் போகும்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் டாக்டர் வண்டி நின்றது.
பேன் பெல்ட்.
இதற்குத்தானே வந்தோம் என்பதுபோல் எல்லாரும் இறங்கி
சுவரில் வரிசையாக உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள்.
எதிரே குரங்குகளும் நிர்வாகக் குழுவாய் உட்கார்ந்தன.
மோரிஸ் பெல்ட் உபரியாக ஒருவரிடம்தான் இருக்கும்.
'அக்கா, இதை அவர்கிட்ட குடுங்க' என்றார் பாய்.
ஒரு எட்டு தள்ளித்தான் அவர் நின்றார்.
'வாங்கிட்டேன்னு சொல்லுங்க.'
'அரை விரல் தொய்வு விடணும்னு சொல்லுங்க.'
'முப்பது வருசமா அது தெரியும்னு சொல்லுங்க.'
நான் எதையும் சொல்லவில்லை.
எல்லாம் போய்ச் சேர்ந்தது.

பதினேழில் என் முறை.
கியர் கம்பி அறுந்து வண்டி நியூட்ரலில் நின்றது.
ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான்.
காலை எடுத்தால் பதினாறுக்குப் போய்விடும்.
கல் பின்னால், நான் முன்னால்.
ஹாரன் அடித்தேன்.
அவர்கள் மேலே, அவரவர் சத்தத்துக்குள்.
பாதிப் பேர் வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடியே கிடையாது;
அந்தக் காலத்தில் பின்னால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

காப்பித் தோட்டத்திலிருந்து பனி இறங்கிக் கண்ணாடியை மூடியது.
துடைக்கக் கை எட்டுகிறது, கால்தான் நடுங்குகிறது.
நாளை ஏழே முக்காலுக்கு
கோரிமேட்டில் முதல் பிள்ளை பையோடு நிற்கும்.
முப்பத்தைந்து நிமிடம்.

பத்தொன்பதில் பியட் கொதித்திருக்கிறது.
தண்ணீர் தேடும்போதுதான்
தண்ணீர் என்னோடு இருக்கிறதென்று ஞாபகம் வந்ததாம்.

வேட்டியை மடித்துக் கட்டியும், தொப்பியோடும், கூலிங்கிளாஸோடும்
எட்டுப் பேர் வளைவில் நடந்து இறங்கினார்கள்.
பின்கதவு திறக்கிற சத்தம். யாரோ முதலில் கேனை எடுத்தார்.
'கல்லு!' என்று கத்தினேன்.
கண்ணாடியில் பார்த்தேன், எனக்குக் கண்ணாடி உண்டு.
ஒரே கல்லில் நான்கு கை.

'விடுங்க, முதுகு பிடிச்சுக்கும்.'
'நீங்க விடுங்க.'

பக்கத்திலேயே
இரண்டாவது கல் சும்மா கிடந்தது.
ஒருவரும் விடவில்லை.
என் கால் இன்னும் பிரேக்கில்.