நாலு நம்பர் பக்கத்தில் ஒரு பாகற்காய்

ஜெலுத்தோங். தரைத்தளம்.
எங்கள் பங்குக்கு எட்டடிக்கு ஐந்தடி சிமெண்டு.
துணி காயப்போடத்தான் கட்டிவிட்டிருக்கிறார்கள்.
துணி இப்போது கூடத்தில் காய்கிறது,
மின்விசிறிக்குக் கீழே;
யுகனின் பள்ளிச் சட்டையில்
எப்போதும் கொஞ்சம் ஈரவாடை.

பெயிண்டு டின்னில் மிளகாய்.
ரைஸ் குக்கரின் ஓட்டைச் சட்டியில் கொத்தமல்லி:
மூன்று முறை போட்டேன்,
மூன்று முறையும் அவசரமாய்ப் பூத்துச் செத்தது.
யுகன் குளித்து வளர்ந்த நீலத் தொட்டியில் கங்கோங்.
மேல்மாடி ஏர்கோன் சொட்டுகிற மூலையில் பண்டான்,
காசில்லாத தண்ணீரில் அதற்கு மட்டும் ஒரு மினுமினுப்பு.
கனகாம்பரம் ஒன்றே ஒன்று.
தலையில் வைக்க நேரமில்லை,
அது பாட்டுக்குப் பூக்கிறது.

இரவெல்லாம் பாயான் லெப்பாசில்
தூசு ஒன்று விழக்கூடாத அறை.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடை.
என் மூச்சுகூட அங்கே அழுக்கு.
ஏழரைக்கு ஃபேக்டரி பஸ் இறக்கிவிட்டதும்
செருப்பைக் கழற்றும் முன்
விரலை மண்ணில் விடுவேன்,
இரண்டாம் கணு வரைக்கும்.
ஈரம் பார்க்க என்று
யாராவது கேட்டால் சொல்லலாம்.

இரும்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கிம் ஹாக்.
அவர் சிமெண்டில் எதுவும் வளரவில்லை.
ஒரு நாற்காலி, ஒரு பிஸ்கட் டின்.
போன ஏழாம் மாதம் அந்த டின்னில்
காகிதப் பணம் எரித்தார்.
சாம்பல் பறந்து என் மிளகாய்ப் பூவில் விழுந்தது.
தூக்கம் இல்லாத காலை அது.
கம்பிக்கு மேலே வாளியைத் தூக்கி
ஊற்றிவிட்டேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பாதி எரிந்த ஒரு காகிதச் சட்டையை,
பெண்கள் போடும் அளவு,
இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு
உள்ளே போனார்.
அவர் மனைவி மார்ச்சில் போய்விட்டாள் என்று
காய்கறி லாரிக்காரன் சொல்லித்தான் தெரியும்.

பதினோரு மாதம்.
குப்பைத் தொட்டியருகே பார்த்தால்
அவர் சாவிக்கொத்தை எண்ணுவார்.
நான் கைப்பேசியைத் தடவுவேன்.

பாகலுக்கு இதெல்லாம் தெரியுமா?
கயிறு கட்டி இந்தப் பக்கம் இழுத்துவிட்டால்
மறுநாள் காலை அந்தப் பக்கம் கை நீட்டியிருக்கும்.
இங்கே பூத்ததெல்லாம் ஆண்பூ.
அங்கே போய், அவர் நாற்காலிக்கு மேலே,
ஒரு பிஞ்சு.

அறுக்கக் கை நீட்டினால் எட்டும்.
நீட்டவில்லை.
பழ ஈ குத்தி அழுகட்டும் என்று விட்டேன்.

ஒரு வியாழன் காலை
பிஞ்சு செய்தித்தாள் உடுத்தியிருந்தது.
கூம்பாய்ச் சுருட்டி, மேலே
ஸ்டேப்ளர் ஊசி இரண்டு;
காம்பு நெரியாமல் இடம் விட்டிருந்தார்.
சீன எழுத்து எனக்குத் தெரியாது.
எண்கள் மட்டும் வாசித்தேன்:
நாலு நம்பர் முடிவுகள்.
எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை,
நான் சீட்டு வாங்குவதும் இல்லை.

இரண்டு வாரம்.
அவர் அறுப்பார் என்று நான்.
நான் கேட்பேன் என்று அவரோ என்னவோ.
காகிதம் ஒரு நாள் கீழ்முனையில் ஈரமானது,
மறுநாள் கிழிந்தது.
காவி நிறத்தில் மூன்றாய் வெடித்து,
விதைகள் ரத்தச் சிவப்பில்.
இரண்டு என் பக்கம்.
மிச்சம் அவர் பிஸ்கட் டின்னில்,
போன வருடத்துச் சாம்பலில்.

இன்று மறுபடி ஏழாம் மாதம்.
யுகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு
வாளியோடு வந்தேன்.
கிம் ஹாக் குந்தியிருக்கிறார்,
இந்த முறை வேறு டின், புதியது.
தீ பிடித்துவிட்டது.
காகிதத்தில் ஒரு தையல் மிஷின்,
ஒரு ஜோடி செருப்பு.

நிமிர்ந்தார்.
என் முகத்தை அல்ல,
வாளியைப் பார்த்தார்.

கீழே வைத்தேன்,
சத்தம் வராமல்.
மிளகாய் இலை துவண்டு தொங்கியது,
அவர் எரித்து முடிக்கும் வரை.